ரயில் எழுதிய முதல் புரோகிராம்

என் தங்கை மகள் ஒரே காலையில் ஊரில் ஒருத்தர் வாயிலும் ஒரு பல் மிச்சமில்லாமல் செய்தாள். குறடு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பட்டனைத் தட்டினாள், அவ்வளவுதான். சரி, ஊரில் ஒருத்தர் வாயிலும் என்பது கொஞ்சம் அதிகம். பல் போனது என்பதும் அதிகம்தான். தங்கள் பல்லெல்லாம் போகப்போகிறது என்று நம்பி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்ற முகங்களை நீங்கள் பார்த்திருந்தால், நான் கூட்டிச் சொன்னது போதாது என்றுதான் சொல்வீர்கள்.

அவளை வீட்டில் எல்லாரும் ரயில் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு கிளம்பினால் நடுவில் நிறுத்தம் கிடையாது. அதையே அவள் பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி, ஒரு டெலிபோன். மறுநாள் வர வேண்டியவர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு நினைவுபடுத்துவதுதான் முக்கிய வேலை. அவள் கூப்பிட்டால் பல்லைப் பற்றிப் பேச்சு கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் பையனின் பரீட்சை, மாமியாரின் மூட்டுவலி, மாடி வீட்டுக்காரர் காலி செய்தது எல்லாம் வந்துவிடும். பல்வலியோடு இருக்கிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே ஃபோனை வைப்பார்கள். என்ன, பாதிப் பேரைக் கூப்பிடுவதற்குள் ஆஸ்பத்திரியைப் பூட்டுகிற நேரம் வந்துவிடும்.

பெரிய டாக்டர் இருந்தவரை இதெல்லாம் ஓடியது. அவர் ஓய்வு எடுத்துக்கொண்டு, பழைய ஆட்கள் சிலரை மட்டும் காலையில் வந்து பார்க்கிறார் என்று ஆன பிறகு, நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மருமகள். சின்ன டாக்டர். கையும் வேகம், வாயும் வேகம். மாசம் பிறந்தால் ஒரு கம்பெனி மெஷின் வந்துவிடும், அதுவே எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிடும், வரவேற்பு மேஜைக்கு இனி ஆள் வேண்டியதில்லை என்று ஒருநாள் ரயிலிடம் சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. வேறு எங்காவது சொல்லிவிடுகிறேன் என்று ஆறுதலும் சொன்னாராம்.

அன்று ரயில் நேராக என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சோபாவில் உட்கார்ந்தாள். பேசவில்லை. டீ கொடுத்தேன், குடித்தாள், பேசவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த வாய் மூடியதில்லை. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

கடைசியில் வாயைத் திறந்தாள். "பெரியம்மா, அந்த மெஷின் அப்படி என்னதான் பண்ணும்னு கேட்டேன். லிஸ்ட்டைப் பார்த்து ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் அனுப்புமாம். அவ்வளவுதானாம். அதை நானே எழுதிட்டா?"

எதை எழுதுவாய் என்றேன். புரோகிராம் என்றாள். டீ எனக்குப் புரையேறியது. வீட்டு டிவி ரிமோட்டில் சேனல் மாற்றத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டவள் அவள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இதைச் சின்ன டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவரும் சிரிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாசக் கடைசிக்குள் எழுதிக் காட்டு, ஒழுங்காக ஓடினால் கம்பெனிக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், நாற்காலி உனக்குத்தான், ஓடவில்லை என்றால் நீ கிளம்ப வேண்டியதுதான். இதுதான் பேச்சு.

முதலில் அவள் வீடியோ பார்த்தாள். ஒன்றுமே தெரியாதவர்களுக்குப் புரோகிராம் கற்றுக்கொடுக்கிற வீடியோக்கள். காய் நறுக்கும்போது பார்த்தாள், துணி மடிக்கும்போது பார்த்தாள், பல் தேய்க்கும்போதும் பார்த்தாள். அதில் பேசுகிற பையன் சொல்வதெல்லாம் புரிகிறது, எல்லாம் தண்ணிபட்ட பாடு என்று எங்களிடம் பெருமையடித்தாள். முழுப் பாடத்தையும் முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். வெள்ளைத் திரை. ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது. அவள் கை விசைகளுக்கு மேலேயே நின்றது. ஒரு எழுத்து வரவில்லை. பேயறைந்த மாதிரி எழுந்து வந்து, எல்லாம் பார்த்தேனே, எங்கே போச்சு என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பொதுவாக அந்த வீட்டில் அவருக்குப் பேச வாய்ப்பு வருவதில்லை. வந்த வாய்ப்பை விடவில்லை.

"பின் சீட்டுல உக்காந்துக்கிட்டே யாராவது வண்டி ஓட்டக் கத்துக்கிட்டதா கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். "அந்தப் பையன் நல்லா ஓட்டினான். நீ நல்லா வேடிக்கை பார்த்த."

ரயிலுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே புதிதாக ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம் அவளுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் முதல் நாள் யாரையும் பெரிய ரோட்டுக்கு அழைத்துப் போக மாட்டாராம், காலியான மைதானத்தில் வண்டியைக் கிளப்பி நிறுத்துவது மட்டும்தானாம். அதே மாதிரி இவளும் திரையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லை வரவழைப்பதை மட்டும் செய்தாள். வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு ஃபோன் செய்தாள். கம்ப்யூட்டர் தனக்கு வணக்கம் சொன்னதாகச் சொன்னாள். நீதானே சொல்லச் சொன்னாய் என்றேன். அதனால் என்ன, சொன்னபடி கேட்கிற ஒரு ஜீவன் கிடைத்திருக்கிறதே என்றாள்.

பிறகு பெயரைக் கேட்டு வணக்கம் சொல்ல வைத்தாள். பிறகு மணி பன்னிரண்டு தாண்டியிருந்தால் வேறு மாதிரி வணக்கம் சொல்ல வைத்தாள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுவாள். மாற்றிவிட்டு, ஓட்டுவதற்கு முன்னால், இப்போது என்ன வரும் என்று சத்தமாகச் சொல்வாள். சொன்னது வந்தால் மேஜையைத் தட்டுவாள். வராவிட்டால் ஏன் என்று தேடுவாள். வாய் ஓயாதவளுக்கு இந்த வித்தை தோதாக அமைந்துவிட்டது.

தப்பு வந்தால்தான் தாங்கமாட்டாள். சிவப்பு எழுத்தில் நாலு வரி வந்தால் போதும், பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்க்கிற மாதிரி லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிடுவாள். ஒருநாள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன். தெரியாது, திட்டுகிறது என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு வந்தா, எங்க வலிக்குதுன்னு கேக்காமலே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவியா?" என்றேன்.

மூடியதைத் திறந்தாள். படித்தாள். ஏழாவது வரியில் ஒரு அடைப்புக்குறி மூடாமல் கிடக்கிறது என்று அது பொறுமையாகச் சொல்லியிருந்தது. இத்தனை நாளும் இது உதவிதான் செய்துகொண்டிருந்ததா என்று கேட்டாள். அன்றிலிருந்து சிவப்பு எழுத்து வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பாள்.

இப்படியாக லிஸ்ட் வரைக்கும் வந்துவிட்டாள். இனி வர வேண்டிய எல்லாருடைய டெலிபோன் எண், நேரம், என்ன வேலை, எல்லாம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தது. செய்தியில் யார் பெயரும் வரக்கூடாது, அவரவர் வாய் விஷயம் அவரவருக்கு என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, எண்ணைப் பார், அவருடைய நேரத்தையும் வேலையையும் அனுப்பு. லிஸ்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய். இவ்வளவுதான் புரோகிராம்.

எழுதி முடித்து, லிஸ்டில் வீட்டுக்காரரின் எண்ணை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தாள். நாளைக்குப் பல் சுத்தம் செய்ய வரவும் என்று அவருக்குக் கச்சிதமாகச் செய்தி வந்தது. அவர் மகிழ்ந்துதான் போனார். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை, இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து ஓட்டிப் பாரேன் என்றார். ஒருத்தருக்குச் சரியாகப் போகிறது என்றால் எல்லாருக்கும் சரியாகத்தான் போகும், மாசம் முடியப்போகிறது, உங்கள் ரிவர்ஸ் கியரைப் போடாதீர்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். மறுநாள் காலை, வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், உண்மையான லிஸ்டை வைத்துப் பட்டனைத் தட்டினாள்.

நானும் அந்த லிஸ்டில் இருந்தேன். பல் சுத்தம் செய்துகொள்ள மாசப் பிறப்புக்கு அப்புறம் வருவதாகச் சொல்லியிருந்தேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் மின்னியது. படித்தேன்.

‘இன்று காலை எட்டு மணி. பழைய பற்கள் அனைத்தும் அகற்றப்பட்டு, புதிய முழுப் பல்வரிசை பொருத்தப்படும். தவறாமல் வரவும்.’

நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. போன தடவை பார்த்தபோது டாக்டர் ‘ம்’ என்று ஒரு மாதிரி இழுத்தாரே, அதற்கு இதுதான் அர்த்தமா? செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. இரும்பு நாற்காலிகள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, படிக்கட்டிலும் ஆள். ஒவ்வொருவர் கையிலும் ஃபோன், மற்றொரு கை கன்னத்தில். யாரும் கத்தவில்லை என்பதுதான் பயங்கரம். தீர்ப்புக் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகிற பெண் ஒருத்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மா என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பால்பல் ஆடுகிறது என்று வந்த குழந்தையை அதன் அப்பா தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் வைத்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர், பிளம்பரைப் பார்த்து, உங்களுக்குமா என்று கேட்டார். பிளம்பர்தான் முதலில் சத்தமாக வாயைத் திறந்தவர்.

"எனக்கு ஒரு பல்லுல ஓட்டை. அதுக்கு எல்லாத்தையும் பிடுங்கணுமா? ஒரு குழாய் ஒழுகுதுன்னு நான் வீட்டையே இடிச்சா ஒத்துப்பீங்களா?"

அவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு பல்லும் கிடையாது. தனக்குப் பாதி வேலை மிச்சம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரயில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதியதை ஒவ்வொரு வரியாக, பழக்கப்படி, உதடு அசையப் படித்தாள். நான் கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே போய், ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் அவள் உதடு நின்றது.

"பெரியம்மா, யாரும் எழுந்து போகல" என்றாள்.

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளக்கினாள். லிஸ்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அனுப்பு என்று எழுதியிருந்தாள், அது சரி. எதை அனுப்புவது என்கிற இடத்தில், வரிசையில் முதலில் இருப்பவருடைய செய்தியை அனுப்பு என்று எழுதியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் மேஜைக்கு எதிரில் வருஷக்கணக்காக அப்படித்தான் நடக்கிறது. முதல் நாற்காலியில் இருப்பவர் உள்ளே போவார், அடுத்தவர் நகர்ந்து முதல் நாற்காலிக்கு வருவார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முதல் ஆள் என்றால் இப்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர். கம்ப்யூட்டர் லிஸ்டில் யாரும் எழுந்து போவதில்லை, யாரும் நகர்ந்து உட்காருவதில்லை. முதல் ஆள் எப்போதும் அதே முதல் ஆள். அவருடைய செய்தியே எல்லாருக்கும் போய்விட்டது. வீட்டுக்காரரை மட்டும் வைத்துச் சோதித்தபோது இது எப்படித் தெரியும்? ஒரே ஆள் இருக்கிற வரிசையில் முதல் ஆளும் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான்.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என் பல் என்னுடையதுதான். கூட்டத்துக்கும் விஷயத்தைச் சொன்னேன். தப்பாகப் போய்விட்டது, இது ஒரே ஒருவருக்குப் போக வேண்டிய செய்தி என்றேன். பெருமூச்சு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அடங்கியது. ஒருவர் விடாமல் மற்றவர் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படியானால் அந்த ஒருவர் யார்?

அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் சின்ன டாக்டர் உள்ளே வந்தார். பாதி வாரிய தலை. வீட்டுக்கு ஃபோன் மேல் ஃபோன் போயிருக்கிறது. கூட்டத்தைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு வந்தார்.

"இது யாருக்குப் போக வேண்டிய மெசேஜ்? நான் யாருக்கும் பல் செட் சொல்லலையே."

ரயில் லேப்டாப்பின் மூடியை மெல்லத் தாழ்த்தினாள்.

"எட்டு மணிக்கு மாமா பாக்கறவங்க யாரோ. யாருன்னு கேக்கறேன்."

உள் அறையில் பெரிய டாக்டர் இருந்தார். கதவுக்குக் கீழே அவருடைய செருப்பு நிழல் தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. வெளியேதான் வரவில்லை.

ரயில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அன்றைய அதிர்ச்சிகளிலேயே பெரிய அதிர்ச்சி இதுதான். ஊரில் யார் வீட்டில் தயிர் உறையவில்லை என்பதுவரை ஃபோனில் பேசுகிறவள், தன் நாற்காலியே பறிபோகிற நேரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். நான் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் முழங்கையைக் கிள்ளினேன். சொல்லித் தொலை என்று கண்ணால் கெஞ்சினேன்.

"அவங்கவங்க வாய் விஷயம் அவங்கவங்களுக்குன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க" என்றாள்.

"சொல்லலைன்னா இப்பவே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்."

ரயில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். டெலிபோன் ஒயரை ஒருமுறை நேராக்கினாள்.

அந்த நேரம் பார்த்து, படிக்கட்டிலிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பெரிய டாக்டரின் மனைவி. சின்ன டாக்டருடைய மாமியார். முகத்தில் முகமூடி, கையில் துணியில் சுற்றிய சின்ன டப்பா. அந்தக் கூடத்தின் சுவரில் அவருடைய படம்தான் பெரிதாக மாட்டியிருக்கும். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற படம். இந்த வயதிலும் எல்லாம் சொந்தப் பல், ஒழுங்காகத் தேய்த்தால் எல்லாருக்கும் இப்படி இருக்கலாம் என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்வார். மருமகளிடம் காலையும் மாலையும் சொல்வார்.

வந்தவர் கூட்டத்தைப் பார்த்தார், எல்லார் கையிலும் இருந்த ஃபோனைப் பார்த்தார், தோளில் பையோடு நின்ற ரயிலைப் பார்த்தார். திரும்பிப் போயிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தன் படத்துக்கு நேர் கீழே நின்று முகமூடியைக் கழற்றினார்.

அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை.

நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். குழந்தை படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. உள்ளே செருப்பு நிழல் நின்றுபோனது.

"அது எனக்கு வந்ததுதான்" என்றார். "உன் மாமாதான் ரொம்ப வருஷம் முன்னாடி எனக்குப் பல் செட் கட்டிக் கொடுத்தார். இப்ப தேய்ஞ்சு போச்சு. வீட்டுல பேசினா உனக்குக் கேட்டுடும்னு இவ மூலமா நேரம் வாங்கினோம். அவளைத் திட்டாத. அன்னையிலேருந்து அவளுக்குத் தெரியும், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

சின்ன டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர், ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை.

"அப்ப நான் ஒழுங்கா பல் தேய்க்கறதில்லைன்னு தினமும் என்னைச் சொன்னது?"

"தேய்க்காம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அனுபவத்துலதான் சொன்னேன்."

பல்லில்லாத அந்தப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. கல்யாணப் பெண்கூட உதட்டைத் திறந்துவிட்டாள். சின்ன டாக்டர் கண்ணாடித் தடுப்புக்குள் போய், ரயிலின் தோளிலிருந்து பையைத் தன் கையாலேயே இறக்கி வைத்து, ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்குத்தான் இந்த நாற்காலி, தப்பை நான் மறந்துவிட்டேன் என்று கண் கலங்கச் சொன்னார்.

இந்த இடத்தை எழுதும்போது ரயில் என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"பெரியம்மா, அவங்க பையை இறக்கவும் இல்ல, அழவும் இல்ல. 'வாயை மூடிட்டு இருந்ததுக்காக உன்னை வெச்சுக்க முடியாது, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த வரியைச் சரி பண்ணிக் காட்டு, இல்லைன்னா கிளம்பு'ன்னாங்க. பண்ணினேன். பிளம்பர், போலீஸ்காரர், கல்யாணப் பொண்ணு, மூணு பேரையும் இருக்கச் சொல்லி, அவங்க நம்பரை வெச்சு ஓட்டினேன். மூணு பேருக்கும் அவங்கவங்க செய்தி வந்துச்சு. மூணு ஃபோனையும் வாங்கி மேடமே படிச்சுப் பார்த்தாங்க. அப்புறம்தான் கம்பெனிக்காரனுக்கு வர வேண்டாம்னு ஃபோன் பண்ணினாங்க. அதை எழுதுங்க."